ஜாலினூஸ் பாய் பிடித்த நாடி

தாராவியில் ஜாலினூஸ் பாயிடம் மணிக்கட்டைக் கொடுக்காமல் தப்பித்த மனிதப் பிறவி ஒன்றுகூடக் கிடையாது. காய் வாங்கப் போனால் காய்க்காரர் கையைப் பிடிப்பார். சயான் ஸ்டேஷனில் டிக்கெட் கேட்டுக் கை நீட்டிய பரிசோதகரையும் விடவில்லை. "பித்தம் ஜாஸ்தி ஹை சாப், வடாபாவ் பந்த் கரோ!" என்று வடாபாவையே நிறுத்தச் சொல்லிவிட்டார்.

யுனானி வைத்தியர். அவர் உட்கார்ந்து யாரும் பார்த்ததில்லை. நடந்துகொண்டே மருந்து சொல்வார், வாயெல்லாம் ஜாலினூஸ்தான், பட்டப்பெயரும் அதில் வந்ததுதான். உலகம் கேலன் என்று சொல்லும் கிரேக்க வைத்தியர் அவர். வாள்சண்டைக்காரர்களின் காயத்துக்கு மருந்து கட்டியவர், ரோமாபுரி ராஜாவுக்கே நாடி பார்த்தவர். பாய் பேசுவதைக் கேட்டால் அந்த ஜாலினூஸ் குர்லாவில் கிளினிக் வைத்திருப்பதுபோல இருக்கும். என் அம்மா அப்படித்தான் நம்பினாள்.

"அந்த டாக்டர்ட்ட டோக்கன் போடணுமா பாய்?"

"அவரு மவுத்தாகி ஆயிரத்து எண்ணூறு வருசமாச்சு தங்கச்சி."

"அடப் பாவமே! பிள்ளைகுட்டி இருக்கா?"

அந்தச் சமயத்தில்தான் என் தூக்கம் போயிற்று. உல்லாஸ்நகர் மாப்பிள்ளையைப் பேசி முடித்து, ஞாயிற்றுக்கிழமை நிச்சயம். என் மனசோ காட்கோபரில், கூட வேலை பார்த்த டேவிட்டிடம். வீட்டில் சொல்ல வாய் வரவில்லை. உட்கார்ந்தால் எழுந்திருக்கணும், எழுந்தால் உட்காரணும். அம்மா என்னைப் பாயிடம் இழுத்துப் போனாள்.

பாய் நாடியைப் பிடித்ததும் கையை உருவிக்கொள்ளப் பார்த்தேன். தூக்கமில்லாமல் வந்த ஒருத்தியின் நாடி, யாரோ கூத்தாடியின் பெயரைக் கேட்டதும் துள்ளியதை வைத்து, அவள் நோய் காதல்தான் என்று ஜாலினூஸ் கண்டுபிடித்த கதையைப் பாய் ஊருக்கே சொல்லியிருக்கிறார். இப்போது அவர் கண்ணை மூடிக்கொண்டு ரயில் அறிவிப்பு மாதிரி ஆரம்பித்தார். "குர்லா... வித்யாவிஹார்... காட்கோபர்..."

பாவி நாடி, குதித்துவிட்டது!

"கல்யாண்... உல்லாஸ்நகர்..." அது படுத்துக்கொண்டது.

"என்ன சீக்கு பாய்?" அம்மா பதறினாள். நான் கர்த்தரைக் கூப்பிட்டேன்.

பாய் என்னை ஒரு பார்வை பார்த்தார். "சூட்டு ஒடம்பு தங்கச்சி. உல்லாஸ்நகர் தண்ணி இதுக்கு ஆவாது. காட்கோபர் தண்ணிதான் ஒத்துக்கும்."

"ஜாலினூஸ் டாக்டர் சொன்னாரா?"

"எழுதியே வச்சிருக்காரு!"

அம்மாவுக்கு அது போதும். நிச்சயம் நின்றது. காட்கோபரில் மாப்பிள்ளை தேடியவளுக்கு, நான் ரகசியமாகப் பெயர் சொல்லிவைத்த டேவிட்டைக் காட்டியதும் பாய்தான்.

போன மாதம் பாய் ஆஸ்பத்திரியில் கண் திறக்காமல் கிடந்தார். ஓரிடத்தில் நிற்காத மனுஷனை அப்படிப் பார்க்கப் பொறுக்கவில்லை. அவர் மணிக்கட்டைப் பிடித்து ஸ்டேஷன் பெயர்களாகச் சொல்லிப் பார்த்தேன். நாடி சும்மா கிடந்தது. காதருகே குனிந்து, "ஜாலினூஸ்" என்றேன்.

துள்ளியது! கண் திறக்காமலே அவர் விரல்கள் மெல்லத் திரும்பி என் நாடியைத் தேடின. கையைக் கொடுத்தேன். நர்ஸ் வந்து நேரமாச்சு என்று சொன்ன பிறகும் எடுக்க மனசு வரவில்லை.