மிஞ்சிப்போன உறை

வேலை முடிந்தது என்று எல்லாரும் கைகால் கழுவிக்கொண்டிருந்த நேரத்தில், கொட்டகை மூலையில் ஒரு நீளத் துணி உறை கிடப்பதை ஹெப்ரான் பார்த்துவிட்டான்.

"அஸ்கர் பாய், இது என்னது?"

இயந்திரத்துக்கு மேலிருந்து அலி அஸ்கர் எட்டிப் பார்த்தார். "உறை."

"அது தெரியுது. இங்கன ஏன் கெடக்கு?"

"உள்ள போகாததுனால."

ஹெப்ரான் உறையைத் தூக்கிப் புரட்டிப் பார்த்தான்.

மேலப்பாளையத்தைத் தாண்டி, வாய்க்காலை ஒட்டிய வயல்களுக்கு நடுவே புதுப் பாலம் ஒன்று வருகிறது. பாலத்துக்கு ஏறும் சாலை மேட்டைத்தான் ஹெப்ரான் இஞ்சினியராக இருந்த கம்பெனி போட்டுக்கொண்டிருந்தது. அங்கே இருப்பது ஆறு கொண்டுவந்து சேர்த்த களிமண். கம்பை ஊன்றினால் பிடிமானமே கிடைக்காமல் இறங்கிக்கொண்டே போகும். அதன்மேல் அப்படியே மண்ணைக் கொட்டினால் சாலை வயலுக்குள் அமிழ்ந்துவிடும்.

அதற்காக, இரும்புக் குழாயைக் களிக்குள் இறக்கி, குழாய்க்குள் கெட்டித் துணி உறையைத் தொங்கவிட்டு, உறை நிறைய ஜல்லியைக் கொட்டி, குழாயை மட்டும் உருவிக்கொள்வார்கள். மண்ணுக்குள் ஒரு ஜல்லித்தூண் நிற்கும். இப்படி வரிசை வரிசையாகத் தூண்கள். உறை இல்லாவிட்டால் அந்த இளகிய களியில் ஜல்லி தொந்தி தள்ளிச் சரிந்துவிடும். பிளாஸ்டிக் நூலில் நெய்த அந்தத் துணி சுருள் சுருளாக வரும். அதை அளந்து கொடுத்து மேலப்பாளையத்தில் தைத்து வாங்கியவன் ஹெப்ரான்தான். ஒரு தூணுக்கு ஓர் உறை.

தூண்கள் எல்லாம் முடிந்தாயிற்று. மேலே மணலும் பரப்பியாயிற்று. இப்போது ஓர் உறை மிச்சம்.

"அப்படின்னா ஏதோ ஒரு தூணுக்கு உறை போடல பாய்."

"உறை போடாம நான் ஜல்லி கொட்டுனதே கெடையாது தம்பி. இது கூடுதலா வந்திருக்கும்."

"எப்படி வரும்? அளந்து குடுத்தது நானு. கூடுதலாத் தச்சா கூடுதலாக் கூலி கேப்பாங்கல்லா? யாரும் கேக்கலையே."

அலி அஸ்கர் இயந்திரத்தை நிறுத்திவிட்டுப் பைய இறங்கினார். ஐம்பது வயதுக்காரர். ஹெப்ரான் இந்த வேலைக்கு வந்த புதிதில், களியில் எப்படி நடப்பது என்று சொல்லிக்கொடுத்தவர். "நீங்க ஒண்ணும் மனசப் போட்டு அலட்டாதிய. நாளைக்கு யோசிப்போம்."

மனதை அலட்டாமல் இருக்க ஹெப்ரானுக்குத் தெரியாது. வீட்டைப் பூட்டிவிட்டுத் தெருமுனை வரை போய், திரும்பி வந்து பூட்டை இழுத்துப் பார்க்கிற ஆள் அவன். யார் கண்ணிலும் படக்கூடாது என்று உறையைச் சுருட்டி மோட்டார் சைக்கிளில் கட்டி, பாளையங்கோட்டைக்குக் கொண்டுபோய்க் கட்டிலுக்கு அடியில் தள்ளினான்.

வீட்டைக் கூட்டும்போது அவன் மனைவி எப்சி அதை இழுத்து வெளியே போட்டாள்.

"இது என்னது?"

"தலகாணி உறை."

"எந்த யானைக்கு?"

வேறு வழியில்லாமல் நடந்ததைச் சொன்னான். எப்சி துடைப்பத்தைக் கீழே வைத்தாள்.

"உங்க பெரிய சார்கிட்ட உள்ளதச் சொல்லிருங்க."

"சொன்னா வேல போயிரும்."

"சொல்லலன்னா?"

"பாலத்துமேல பஸ் போவும்போது மேடு எறங்கிட்டுன்னா?" என்றான் ஹெப்ரான். அதைச் சொன்ன பிறகு அவனுக்குச் சோறு இறங்கவில்லை.

மறுநாள் மண்வெட்டியோடு தனியாகக் கிளம்பினான். மணலை விலக்கினால் தூணின் தலையில் உறையின் வெள்ளை விளிம்பு வட்டமாகத் தெரியும். தெரியாத தூண்தான் குற்றவாளி. முதல் தூணில் விளிம்பு தெரிந்தது. அடுத்ததிலும் தெரிந்தது. மத்தியானத்துக்குள் கையெல்லாம் கொப்பளம். ஒரு வரிசைகூட முடியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை வேலைத்தளத்துக்கு யாரும் வரமாட்டார்கள். ஆராதனைக்கு எப்சியைத் தனியாக அனுப்பிவிட்டு, ஹெப்ரான் வாடகைக்கு ஒரு ஜேசிபி பிடித்தான்.

ஜேசிபிக்கு மணலை மட்டும் பக்குவமாக விலக்கத் தெரியவில்லை. முதல் இழுப்பிலேயே ஒரு தூணின் விளிம்பு பல்லில் மாட்டிக் கிழிந்து வந்தது. ஜல்லி சிதறியது.

"மேலோட்டமா வழி வே!" என்று ஹெப்ரான் கத்தினான்.

ஓட்டுநர் மேலோட்டமாக வழித்தான். இன்னும் ரெண்டு கிழிந்தது. கிழிந்த இடத்தில் உறை ஏற்கெனவே இல்லையா, இப்போதுதான் போயிற்றா என்று யாராலும் சொல்ல முடியாது. அதனால் அடுத்த வரிசைக்குப் போனார்கள். அங்கே இன்னும் நாலு கிழிந்தது.

கடைசி வரிசையில் ஜேசிபி மணலின் ஓரத்தைத் தாண்டிக் களியில் சக்கரத்தை வைத்தது. அவ்வளவுதான். சாவகாசமாக, குளத்தில் இறங்கும் எருமை மாதிரி, ஒருபக்கமாகச் சாய்ந்து இறங்கியது. இறங்கும்போது வாய்க்கால் கரையையும் உடைத்துக்கொண்டு இறங்கியது. தண்ணீர் சலசலவென்று தூண்களுக்குள் புகுந்தது.

ஹெப்ரான் அலி அஸ்கருக்குப் போன் போட்டான். அவர் கட்டியிருந்த கைலியோடு ஓடிவந்தார். மணல் மூட்டைகளை அடுக்கி உடைப்பை அடைத்துவிட்டு, நிமிர்ந்து சுற்றிலும் பார்த்தார்.

"தம்பி, வெள்ளிக்கெழம உறையில்லாத தூணு ஒண்ணே ஒண்ணு இருந்துச்சு, அதுவும் உங்க கணக்குல. இப்ப எத்தன இருக்கு?"

ஹெப்ரான் விரல் விட்டு எண்ணத் தொடங்கினான்.

அதற்குள் பக்கத்து வயல்காரர் அப்பாத்துரை வரப்பில் வந்து நின்றார். சகதிக்குள்ளிருந்து அங்கங்கே நீட்டிக்கொண்டிருந்த வெள்ளைத் துணிகளைப் பார்த்ததும் அவர் முகம் மாறிவிட்டது.

"ஏலே, வெள்ளத்துணியில சுத்தி என்னத்தலே பொதைச்சிருக்கிய?"

"ஜல்லி, அண்ணாச்சி."

"ஜல்லிக்கு எவம்லே கோடித்துணி போடுவான்?"

ஹெப்ரான் விளக்கினான். களி, இளக்கம், தொந்தி, உறை என்று விளக்க விளக்க அப்பாத்துரைக்குச் சந்தேகம் கூடிக்கொண்டே போனது. சாயங்காலத்துக்குள் ஊர் கூடிவிட்டது. எத்தனை பேரைப் புதைத்திருக்கிறார்கள் என்பதில்தான் கூட்டத்துக்குள் கருத்து வேறுபாடு. திங்கட்கிழமை காலையில் கம்பெனியின் தலைமைப் பொறியாளர் தேவசிகாமணியே காரைப் போட்டுக்கொண்டு வந்து இறங்கினார்.

சாய்ந்து கிடக்கும் ஜேசிபி, கிழிந்து கிடக்கும் தூண்கள், வரப்பு நிறைய ஜனம். எல்லாவற்றையும் ஒருதடவை பார்த்தார்.

"என்னய்யா இது?"

"சார், ஒரு உறை மிஞ்சிப்போச்சு. ஒரு தூணுக்கு உறை விட்டுப்போயிருக்கு. அதத்தான் தேடுனேன்."

"விட்டது யாரு?"

நான்தான் பொறுப்பு என்று சொல்ல வேண்டிய இடம் அது. வாய் அப்படித்தான் திறந்தது. ஆனால் வெளியே வந்தது வேறு.

"மெஷின் வேல முழுக்க அஸ்கர் பாய்தான் சார் பாத்தாரு."

அதில் பொய் ஒன்றுமில்லை. பொய்யாக இருந்திருந்தால் பிற்பாடு திருப்பி வாங்கியிருக்கலாம்.

அலி அஸ்கர் ஹெப்ரானைப் பார்த்தார். கோபமாகப் பார்த்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"பாய், நீங்க விட்டீங்களா?" என்றார் தேவசிகாமணி.

"இல்ல சார்."

"அப்ப எந்தத் தூணுன்னு தெரியாது. மொத்தத்தையும் தோண்டித்தான் பாக்கணும். பக்கத்துல நின்னு பாக்க வேண்டிய இஞ்சினியருக்கே தெரியலன்னா, அந்த இஞ்சினியர் எனக்கு எதுக்கு? ஹெப்ரான், நாளையில இருந்து நீங்க வரவேண்டாம்."

வரப்பில் நின்ற கூட்டம் எட்டி எட்டிப் பார்த்தது.

"சார்," என்றார் அலி அஸ்கர். "தோண்ட வேண்டாம். நாந்தான் விட்டேன்."

"இப்பதான இல்லன்னிய?"

"பயத்துல சொல்லிட்டேன். அந்தா, ஜேசிபி சாஞ்சு கெடக்குல்லா, அதுக்கு அடியில உள்ள தூணு. மழ வந்துட்டுன்னு அவசரத்துல உறையில்லாமக் கொட்டிட்டேன். தம்பி அன்னைக்கு லீவு. அவருக்குத் தெரியாது."

தேவசிகாமணி சாய்ந்து கிடந்த ஜேசிபியை ஒருதடவை பார்த்தார். பிறகு ஹெப்ரானின் தோளில் கை வைத்தார். "முறை தப்புதான். ஆனா மூடி மறைக்காமத் தேடுனீங்க பாருங்க, அது பெருசு. நீங்க இருங்க." அலி அஸ்கர் பக்கம் திரும்பாமலே, "அவருக்குக் கணக்க முடிச்சிருங்க," என்றார்.

ஹெப்ரானுக்கு முதலில் மூச்சு வந்தது. அப்புறம் கோபம் வந்தது. கூட்டம் கலைந்ததும் அலி அஸ்கரின் பின்னாலேயே போனான்.

"மொதல்லயே சொல்லிருக்கலாம்லா பாய்? இவ்வளவு கூத்தும் நடந்திருக்குமா?"

"சொல்லிருக்கலாம்," என்றார் அலி அஸ்கர். தூக்குச்சட்டியை எடுத்துக்கொண்டு, களியில் எங்கே கால் வைக்கவேண்டும் என்று தெரிந்த நடையில் நடந்து ரோட்டுக்கு ஏறிவிட்டார்.

ஜேசிபி கிடந்த இடத்துக்குப் பக்கத்திலேயே புதிதாக ஒரு தூண் இறக்கினார்கள். கட்டிலுக்கு அடியில் இருந்த உறை அதற்குள் போனது. கிழிந்த தலைகளைச் சரிசெய்து, மறுபடி மணல் பரப்பி, மேட்டை எழுப்பினார்கள். ஐப்பசி மழை கொட்டித் தீர்த்தது. மேடு அசையவில்லை. சாலை திறந்து டவுண் பஸ் ஓடியது. ஹெப்ரானுக்குப் பதவி உயர்வும் வந்தது.

"பாய்க்குப் போன் போட்டீங்களா?" என்று எப்சி கேட்பாள்.

"போடணும்."

"என்னைக்கு?"

அந்தச் சாலையில் போகும்போதெல்லாம் ஹெப்ரானுக்கு அவர் பார்த்த பார்வைதான் முன்னால் வந்து நின்றது. தப்பு அவர்மேல்தான் என்று பலதடவை மனதுக்குள் வாதாடிப் பார்த்தான். ஒவ்வொரு தடவையும் ஜெயித்தான். ஜெயித்தபிறகும் தூக்கம் வரவில்லை. தப்பு அவருடையதாகவே இருக்கட்டும். அத்தனை பேர் முன்னால், களியில் நடக்கக் கற்றுக்கொடுத்த மனுஷனை நோக்கிக் கையை நீட்டியது யார்?

கிறிஸ்துமஸ் முடிந்த வாரம், எப்சி சுட்டுக் கொடுத்த கேக்கைப் பையில் போட்டுக்கொண்டு மேலப்பாளையத்துக்குப் போனான். மன்னிப்புக் கேட்பதற்கு ஒரு வாக்கியத்தை வழியெல்லாம் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனான்.

வீட்டில் அலி அஸ்கர் இல்லை. தையல் மிஷினில் இருந்து எழுந்து, முந்தானையைத் தலையில் இழுத்துவிட்டுக்கொண்டு ஒரு பெண் வந்தார். அலி அஸ்கரின் மனைவி தஸ்லிமா.

"இஞ்சினியர் தம்பியா? உள்ள வாங்க, வாங்க. அவுக லோடு ஆட்டோ ஓட்டுதாக இப்ப. சவாரி போயிருக்காக, வந்துருவாக. உங்களப் பத்திப் பேசாத நாளே கெடையாது."

ஹெப்ரானால் உட்கார முடியவில்லை. "என்ன பேசுவாரு?"

"நல்ல புள்ள, ஆனா எல்லாத்துக்கும் பதறும்னு சொல்லுவாக." தஸ்லிமா சிரித்தார். "அந்த வேல முடிஞ்சிட்டுன்னு கம்பெனியில எல்லாரையும் அனுப்பிட்டாகளாமே. என்ன தம்பி செய்ய, வேலைன்னா முடியத்தான செய்யும்."

வீட்டில்கூட அவர் ஒன்றும் சொல்லவில்லை என்பது ஹெப்ரானுக்கு அப்போதுதான் உறைத்தது. கேக்கைக் கீழே வைத்தான். வழியெல்லாம் சொல்லிப் பார்த்த வாக்கியம் ஒரு சொல்கூட ஞாபகத்துக்கு வரவில்லை.

"அக்கா, நான் பாயைப் பாத்து ஒண்ணு சொல்லணும்னு..."

"அது கெடக்கட்டும், அவுக வந்ததும் சொல்லுங்க," என்று நன்னாரி சர்பத்தை அவன் கையில் கொடுத்தார் தஸ்லிமா. "அந்த உறையெல்லாம் தச்சது நாங்கதான் தம்பி. ஒண்ணு கிழிஞ்சாலும் வேல நின்னுருமேன்னு நீங்க பதறுதியன்னு அவுக சொன்னாகல்லா, அதான் சுருள்ல மிஞ்சுன துணியில கூலியில்லாம, அவுககிட்டகூடச் சொல்லாம, ஒண்ணு கூடுதலாத் தச்சு மத்த உறைகளோட ஆட்டோவுல வச்சு அனுப்புனேன், உதவுச்சா?"