ஓனரம்மா கையெழுத்து

இன்று மூன்று மணிக்குள் என் மனைவி சைதாவிடம் ஒரு கையெழுத்து வாங்கியே தீருவது. அதுவும் அவள் படித்துப் பார்க்காமல். காலையில் பல் துலக்கும்போதே இந்த முடிவை எடுத்துவிட்டேன்.

ஒரு கையெழுத்துக்கு இவ்வளவு ஆர்ப்பாட்டமா என்று கேட்பவருக்கு இன்னும் கல்யாணம் ஆகவில்லை என்று அர்த்தம்.

என் பெயர் ஷாஹுல். கும்மிடிப்பூண்டி சிப்காட் கம்பெனி வாசல்களில் பழைய இரும்பு வாங்கி விற்று முன்னுக்கு வந்தவன். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடமும் நானும் பேசிப் பிரிந்துவிட்டோம். பேரத்தில் என்னை ஜெயித்தவன் பழவேற்காட்டிலிருந்து ஊத்துக்கோட்டை வரை கிடையாது. கோபம் மட்டும் கொஞ்சம் அதிகம். போன மாதம் ரிமோட்டைத் தூக்கிப் போட்டதில் டிவி பிழைத்தது, ஜன்னல் போனது.

இரும்பை விட்டுக் கேபிள் தொழிலுக்கு வந்து ஆறு வருஷம். அறுநூறு வீட்டுக்கு இணைப்பு. மாடியில் கன்ட்ரோல் ரூம். சொந்தமாக ஒரு உள்ளூர் சேனல், அதில் உள்ளூர்க் கடை விளம்பரங்கள்.

சட்டம் என்றால் எனக்குப் பயம். தூர்தர்ஷனை முன் வரிசையில் வைக்கச் சொன்னார்கள், வைத்தேன். சிகரெட், சாராய விளம்பரம் கூடாது என்றார்கள், தொடவில்லை. மணிக்குப் பன்னிரண்டு நிமிஷத்துக்கு மேல் விளம்பரம் ஓடக் கூடாது என்று டெல்லியிலிருந்து விதி வந்ததும், கையில் வாட்சைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தேன். ஆனால் அந்த விதிப் புத்தகத்துக்குள் என் பெண்டாட்டி உட்கார்ந்திருப்பாள் என்று எவன் கண்டான்?

நடந்தது இதுதான். பஜாரில் ஆதிகேசவன் சோபாக் கடை வைத்திருக்கிறார். அவருக்கு ஒரு விளம்பரம் எடுத்தோம். எழுதியது நான். நடித்ததும் நான். சோபாவில் நான் மல்லாந்து கிடப்பேன். கீழே தரையில் இருந்து இரண்டு கைகள் வந்து என் காலைப் பிடித்துவிடும். "ஆம்பளைக்கு சிம்மாசனம்! பொம்பளைக்குத் தரையே போதும்!" என்று பின்னணியில் ஒரு குரல். அதுவும் என் குரல்தான். அந்தக் கைகள் சைதாவுடையவை. "கைதானே தெரியப் போவுது, யாருக்குத் தெரியும்?" என்று சொல்லி உட்கார வைத்தேன். அவள் வளையலை ஊரே அடையாளம் கண்டுபிடித்துவிட்டது.

ஒரு நாளைக்கு நாற்பது தடவை ஓடியது. ஆதிகேசவன் சோபா அமோகமாக விற்றது. பதினேழாம் நாள் பொன்னேரி சப்-கலெக்டர் ஆபீசிலிருந்து நோட்டீஸ் வந்தது.

'பெண்களைப் பணிந்து போகிறவர்களாகவும், குடும்பத்தில் இரண்டாம் இடத்தில் இருக்க வேண்டியவர்களாகவும் காட்டும் விளம்பரம் கூடாது' என்று மத்திய அரசு விதியே இருக்கிறதாம். இருபத்தெட்டு பேர் கையெழுத்துப் போட்டுப் புகார் கொடுத்திருக்கிறார்களாம். வியாழக்கிழமை மூன்று மணிக்கு அதிகாரி நேரில் வருவார். உரிமையாளர் கையெழுத்திட்ட விளக்கம் தயாராக இருக்க வேண்டும். இல்லையென்றால் கன்ட்ரோல் ரூம் கருவிகள் மொத்தமும் ஜீப்பில் ஏறும்.

ஏறினால் என்ன ஆகும்? அன்று சாயங்காலமே அறுநூறு வீட்டிலும் அடுத்த தெரு கேபிள்காரன் ஒயர் இழுத்துவிடுவான். நான் மறுபடி கம்பெனி வாசலில் தராசோடு நிற்க வேண்டும்.

சரி, உரிமையாளர் நான்தானே, போட வேண்டியதுதானே என்கிறீர்களா? அங்கேதான் சிக்கல். கேபிள் லைசென்ஸைத் தபால் ஆபீசில்தான் பதிய வேண்டும். அப்படிப் பதிந்தபோது, பெண்டாட்டி பெயரில் இருந்தால் ராசி என்று எவனோ சொன்னான். பதிந்துவிட்டேன். வருஷா வருஷம் புதுப்பிக்கிற பாரத்தில் சைதாதான் கையெழுத்துப் போடுவாள். கேஸ் கம்பெனி பாரம் என்று சொல்லி வாங்குவேன்.

ஆகவே, விளக்கத்தை நானே எழுதினேன். 'இந்த விளம்பரத்தை எடுத்தது நான்தான். அறியாமல் செய்துவிட்டேன். மன்னிக்கவும். இப்படிக்கு சைதா.' ஒரு பெண்ணே மன்னிப்புக் கேட்டால் அதிகாரி என்ன செய்வார்? உருகிவிடுவார். என் மூளையை நானே மெச்சிக்கொண்டேன்.

காலை பத்து மணி. சைதா பின்கட்டில் மடவை மீனைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். பக்கத்து வீட்டுக் குணசுந்தரி சுவருக்கு அந்தப் பக்கம் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள்.

"சைதா, இதுல ஒரு கையெழுத்து போடு. கேஸ் பாரம்."

"கையெல்லாம் செதிலு. அப்பால போடறேன், வச்சிட்டுப் போங்க."

"இன்னா செதிலு? தொடச்சிக்கினு போடு. அவசரம்."

"கேஸ் போன வாரந்தான வந்துச்சு. அதுக்குள்ள இன்னா அவசரம்?"

சுவருக்கு மேலே குணசுந்தரியின் தலை தெரிந்தது. "இன்னா பாய், கால் வலிக்குதா? அக்கா கை வேலையாக்கீதே, பாவம், யாரு புடிப்பாங்க?"

"ஏம்மா, உன் துணி கீழ வுழுது பாரு" என்றேன். விழவில்லை. ஆனால் தலை மறைந்தது.

சைதா கையைக் கழுவிக்கொண்டு வந்தாள். பேனாவை வாங்கினாள். என் இதயம் மாடியில் இருக்கும் ஆம்ப்ளிஃபயர் மாதிரி உறுமியது. பேனா காகிதத்தைத் தொட்டது. நின்றது.

"கேஸ் கம்பெனிக்கு எதுக்குங்க மன்னிப்பு கேக்கணும்?"

"அது... லேட்டா புக் பண்ணதுக்கு."

"'இந்த விளம்பரத்தை எடுத்தது நான்தான்'னு போட்டுக்கிது. அடுப்பு விளம்பரமா?"

மாட்டிக்கொண்டேன். மாட்டிக்கொண்டால் நான் என்ன செய்வேனோ அதைச் செய்தேன். கத்தினேன். பதினைந்து நிமிஷம் கத்தினேன். கடைசியில் நோட்டீசையும் எடுத்து அவள் முன்னால் வீசினேன். நிதானமாகப் படித்தாள். இரண்டாவது தடவையும் படித்தாள்.

"அப்ப, ஓனர் நானா?"

"பேருக்கு."

"பேருக்குன்னு இதுல இல்லியே. உரிமையாளர்னுதான் போட்டுக்கிது."

மணி பதினொன்றரை. கோபம் எடுபடவில்லை. பேரத்தில் இறங்கினேன்.

"சரி. உனக்கு இன்னா வேணும்? சொல்லு."

"அந்தக் காலு விளம்பரத்தை நிறுத்துங்க."

"எப்டி நிறுத்த முடியும்? ஆதிகேசவன் தீவாளி வரைக்கும் பேசிக்கிறாரு."

"அப்ப அவரையே வந்து கையெழுத்து போடச் சொல்லுங்க."

"நாப்பது தடவைய இருபதாக்கறேன்."

"..."

"பத்து."

"..."

"காலையில ஒண்ணு, சாயங்காலம் ஒண்ணு!"

அவள் மீனுக்கு மஞ்சள் தடவப் போய்விட்டாள். வாயைத் திறக்காமல் இறக்குகிற ஆளை நான் இரும்பு வியாபாரத்தில்கூடப் பார்த்ததில்லை.

"சரி, நிறுத்தறேன்!" என்றேன். "போடு கையெழுத்து."

"நான் சீரியல் பாக்கறப்போ கீழ எழுத்து ஓட வுடறீங்களே, பொண்ணு அழுவற மூஞ்சி மேல 'ஆட்டுக்கால் பாயா கிடைக்கும்'னு. அதுவும் நிக்கணும்."

இதுதான் என் பொறுமையின் எல்லை. பழைய வித்தையை எடுத்தேன். விலை படியாதபோது எழுந்து நடக்க வேண்டும். நாலு எட்டு வைப்பதற்குள் எதிராளி கூப்பிட்டுவிடுவான். இது இதுவரை தோற்றதில்லை. "உன் கையெழுத்தே வேணாம் போ!" என்று செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பினேன். நாலு எட்டு வைத்தேன். பத்து வைத்தேன். தெருமுனை வந்தது. டீக்கடை வந்தது. ரயில்வே கேட்டே வந்துவிட்டது. யாரும் கூப்பிடவில்லை. கேட்டில் நின்றவர்கள் "எங்க பாய், ஊருக்கா?" என்று கேட்டார்கள்.

திரும்பி வீடு சேர்ந்தபோது மணி ஒன்றரை. சட்டை நனைந்திருந்தது. ஆதிகேசவன் இரண்டு தடவை போன் செய்திருந்தார். திருப்பிக் கூப்பிட்டேன். "பாய், உன் ஊட்டுக்கு ஜீப் வருதாமே? என் பேரை மட்டும் இழுத்துடாத" என்றார். மாடிக்குப் போய் அந்தப் பெட்டிகளைப் பார்த்தேன். ஒவ்வொன்றும் நான் வெயிலில் நின்று சம்பாதித்தது. பச்சை விளக்குகள் ஒன்றும் தெரியாத மாதிரி மினுக்கிக்கொண்டிருந்தன.

இறங்கி வந்தேன். சைதா சாப்பாட்டை மூடி வைத்துவிட்டு உட்கார்ந்திருந்தாள்.

"பாயாவ நிறுத்திட்டேன்" என்றேன். "வேற இன்னா இருந்தாலும் சொல்லிடு. மணி ரெண்டாவுது."

அவள் என் முகத்தைப் பார்த்தாள். கொஞ்சம் இரக்கம் தெரிந்தது. அப்படித்தான் நினைத்தேன்.

"ஒண்ணும் வாணாம். கையெழுத்து போட்டாச்சு."

"அல்லாவே! எங்க?"

ஒட்டிய கவர் ஒன்றைக் காட்டினாள். "உங்க பேப்பர்ல மீன் தண்ணி பட்டுடுச்சு. நானே புதுசா எழுதி, கையெழுத்தும் போட்டுட்டேன்."

"நான் எழுதன மாதிரியே எழுதனியா?"

"நடந்தத எல்லாம் கரெக்டா எழுதிட்டேன். ஓனருதான் நேர்ல குடுக்கணும்னு நோட்டீஸ்ல போட்டுக்கிது, அதனால நானே குடுக்கறேன்."

பிரித்துப் பார்க்கலாம் என்று கை போனது. போட்ட கையெழுத்து போய்விட்டால்? அடக்கிக்கொண்டேன். அந்தச் சந்தோஷத்தில் எனக்கு இன்னொரு யோசனையும் உதித்தது.

"சைதா, அதிகாரி வர்றப்போ நீ டீ போடக் கூடாது. போட்டா, பாரு பொம்பளைய வேலை வாங்கறான்னு அதையும் எழுதிக்குவாரு. நீ சேர்ல உக்காரு. நான் டீ போட்டு எடுத்தாறேன். அசந்துடுவாரு மனுஷன்!"

"நீங்க சொன்னா சரிங்க" என்றாள். அவ்வளவு அடக்கமாக அவள் பேசி நான் கேட்டதில்லை.

மூன்று மணிக்கு ஜீப் வந்தது. அதிகாரி பூவராகவன் இறங்கினார். சிரிக்காத முகம். பின்னால் இரண்டு ஆட்கள். ஒருவர் கையில் கயிறு, இன்னொருவர் கையில் சாக்கு. நான் சமையலறைக்குள் நின்று எட்டிப் பார்த்தேன். பால் பொங்கி வழிந்தது, அணைக்கத் தோன்றவில்லை.

சைதா நாற்காலியில் உட்கார்ந்தபடியே கவரை நீட்டினாள். அவர் பிரித்தார். படித்தார். நெற்றி சுருங்கியது. கயிறு வைத்திருந்தவர் மாடிப்படியில் ஒரு கால் வைத்துவிட்டார்.

டீத் தட்டோடு நான் கூடத்துக்கு வந்தபோது, பூவராகவன் சத்தமாக வாசித்துக்கொண்டிருந்தார்:

"'மேற்படி விளம்பரத்தை எழுதி, நடித்து, ஒளிபரப்பியவர் எங்கள் ஊழியர் ஷாஹுல். உரிமையாளரான என்னிடம் அனுமதி வாங்கவில்லை. இன்று காலை முதல் அவர் வேலையிலிருந்து நீக்கப்பட்டார். இனி நான் பார்த்துக் கையெழுத்துப் போட்ட விளம்பரம் மட்டுமே ஓடும். இப்படிக்கு, சைதா, உரிமையாளர்.'"

நிமிர்ந்தார். "ஏம்மா, புகார் மனுவுலயும் முதல் கையெழுத்து சைதான்னு இருக்கே?"

"நான்தான் சார். டிவி பாக்கற பொம்பளையா புகார் குடுத்தேன். ஓனரா நடவடிக்கை எடுத்துட்டேன்."

"உங்க மேல நீங்களே புகார் குடுத்தீங்களா?"

"எங்க தெருவுல வேற யாருக்கும் கை வலிக்கலியே சார்."

அந்தச் சிரிக்காத முகம் சிரித்தது. "இவ்ளோ வேகமா நடவடிக்கை எடுத்த கம்பெனியை நான் பார்த்ததே இல்லைம்மா." ஆட்களைப் பார்த்துத் தலையசைத்தார். மாடிப்படியில் இருந்த கால் இறங்கியது. கயிறு மட்டும் இன்னும் அந்த ஆள் கையிலேயே இருந்தது.

"நீக்கின ஊழியர் நாளைக்கு வந்து தகராறு பண்ண மாட்டாரே?"

"மாட்டாரு சார். இன்னிக்கே வேற வேலைல சேந்துட்டாரு."

"அப்டியா? எங்க?"

சைதா என்னைப் பார்த்தாள். பூவராகவனும் பார்த்தார். கயிறும் சாக்கும் பார்த்தன. ரத்தம் தலைக்கு ஏறியது. வாயைத் திறந்தேன். மாடியில் பெட்டிகள் உறுமிக்கொண்டிருந்தன. அவற்றைக் கட்ட வந்த கயிற்றின் முடிச்சு அப்போதுதான் அவிழ்ந்துகொண்டிருந்தது.

"சார், சர்க்கரை எத்தினி ஸ்பூன்?" என்று கேட்டேன்.