பதவிக்கேற்ற நினைவகம்

கணினி வாங்கிய அலுவலகங்கள் உலகில் எத்தனையோ உண்டு. எனினும், ஒரு கணினிக்கு எவ்வளவு நினைவகம் வேண்டும் என்னும் மாபெரும் வினாவுக்கு அறநெறி வழுவாமல் விடை கண்டது அந்தக் குடிநீர் வழங்கல் அலுவலகம் ஒன்றே. பிற இடங்களில், ‘வேலை எவ்வளவு?’ என்று கேட்டுவிட்டு வாங்குகிறார்களாம். என்ன அநாகரிகம்!

அங்கே எதற்கும் ஒரு முறை உண்டு. இயக்குநருக்குக் கைப்பிடியும் உயர்ந்த முதுகும் கொண்ட சுழல்நாற்காலி. துணை இயக்குநருக்குக் கைப்பிடி மட்டும். தலைமை எழுத்தருக்கு மெத்தை மட்டும். மற்றவர்களுக்கு வெறும் பலகை. யார் பெரியவர் என்பதை முகத்தைப் பார்த்து ஊகிக்கும் தொல்லையே இல்லை.

அவ்வலுவலகத்தில் குழாய் வரைபடம் வரைபவள் ஒருத்தி இருந்தாள். நாள் முழுவதும் கோடு போட்டதால் அவளை எல்லாரும் ‘கோட்டம்மா’ என்றே அழைத்தனர். அவளுடைய பழைய கணினி, ஒரு தெருவை வரைந்து முடித்தால் அடுத்த தெருவுக்குள் நுழைய மறுத்துச் சிலையாகிவிடும். இப்போது வரையவேண்டியதோ இன்னும் குடிநீர்க் குழாய் வராத அவளுடைய சொந்தத் தெரு. விரைவில் அங்கே தார் போடப்போகிறார்கள். அதற்குள் வரைபடம் முடிந்து, குழாய் மண்ணுக்குள் இறங்கியாக வேண்டும். தார் விழுந்துவிட்டால் பல ஆண்டுகளுக்குத் தோண்ட அனுமதி இல்லை. மூன்றாம் மாடிக்கு வாளி சுமந்து சுமந்து அவளுடைய அம்மாவின் முழங்கால் ஏற்கெனவே மக்கர் செய்துகொண்டிருந்தது.

ஆகவே, புதிய கணினிகள் வாங்குவதற்கான குழு கூடியபோது அவள் துணிந்து வாய் திறந்தாள்.

“சார், வரைபடத்துக்கு முப்பத்திரண்டு ஜிபி மெமரியாவது வேணும். இல்லைன்னா ஹேங் ஆயிடும்.”

துணை இயக்குநர் தம் கைப்பிடிகளை இறுகப் பற்றிக்கொண்டார்.

“ஏம்மா, எனக்கே முப்பத்திரண்டுதான். உனக்கும் அதேவா? நாளைக்கு நாற்காலிக்கும் கைப்பிடி கேப்பியா?”

“நீங்க அதுல என்ன சார் பண்ணுவீங்க?”

“என்ன பண்ணினா என்ன? பதவின்னு ஒண்ணு இருக்குல்ல?”

தலைமை எழுத்தர் நுட்பமானதோர் ஐயத்தைக் கிளப்பினார். “ஐயா, டிரைவருக்கு கம்ப்யூட்டரே கிடையாது. அவருக்கு எவ்வளவு போடுறது?”

“ரெண்டு போடுங்க. பாவம், அவரும் மனுஷன்தானே?” என்றார் இயக்குநர்.

“எதுல மாட்டுறது?”

“அதுக்குத் தனியா ஒரு குழு போடுவோம்.”

தீர்மானம் ஒருமனதாக நிறைவேறியது. இயக்குநருக்கு அறுபத்துநான்கு, துணை இயக்குநருக்கு முப்பத்திரண்டு, தலைமை எழுத்தருக்குப் பதினாறு, கோட்டம்மாவுக்கு நான்கு. “சின்ன வயசும்மா, உனக்கே ஞாபகசக்தி ஜாஸ்தி,” என்று இயக்குநர் தந்தையின் பரிவோடு அவளைத் தேற்றினார்.

கணினிகள் வந்தன. இயக்குநர் தம்முடையதில் மணி பார்த்தார். கோட்டம்மாவினுடையதோ வரைபடத்தைத் திறந்தவுடனேயே மயங்கி விழுந்தது. அதற்குள் அவளுடைய தெருமுனையில் தார்ப் பீப்பாய்கள் வந்து இறங்கிவிட்டன. அவள் நேரே இயக்குநரின் அறைக்குள் நுழைந்தாள்.

“சார், உங்க கம்ப்யூட்டர் சும்மாதானே இருக்கு. நான் இதுல வரைஞ்சுக்கட்டுமா?”

“சும்மாவா? மணி காட்டுதே!”

“ஓரத்துல மணியும் ஓடட்டும் சார்.”

இயக்குநர் பெருந்தன்மையாளர், இசைந்தார். ஆனால், தம் நாற்காலியிலிருந்து அவர் எழவில்லை.

“அப்ப உட்கார என்னோட பலகையைத் தூக்கிட்டு வந்துடுறேன் சார்.”

“ஐயையோ! கைப்பிடி இல்லாதது இந்த ரூமுக்குள்ள வந்தா ஆபீஸ் என்ன ஆகும்?”

முறை காக்கப்பட்டது. இயக்குநர் சுழல்நாற்காலியில் சாய்ந்து குறட்டைவிட, கோட்டம்மா பக்கத்தில் நின்று, இடுப்பை வளைத்து, காலையிலிருந்து மாலைவரை கோடு போட்டாள்.

“ஏண்டி, கால் இப்படி வீங்கியிருக்கு?” என்று வீட்டில் கேட்டாள் அம்மா.

“கம்ப்யூட்டர் வேலைம்மா.”

“அதைக் காலால மிதிச்சா ஓட்டுறீங்க?”

வரைபடம் முடிந்தது. தாருக்கு முன்னரே குழாய் இறங்கியது. உடனே குழு மீண்டும் கூடி, ‘ஆய்வு’ செய்து, உண்மையைக் கண்டறிந்தது: இயக்குநரின் கணினியில் ஒரு தெரு முழுவதும் உருவாகியிருக்கிறது, கோட்டம்மாவின் கணினியிலோ ஒரு கோடுகூட விழவில்லை. பதவி உயர உயர உழைப்பும் உயரும் என்பதற்கு இதைவிடச் சிறந்த சான்று வேண்டுமா? இயக்குநருக்கு நூற்றிருபத்தெட்டு பரிந்துரைக்கப்பட்டது. கோட்டம்மாவின் நான்கு திரும்பப் பெறப்பட்டு, அதில் இரண்டு டிரைவருக்கு ஒதுக்கப்பட்டது.

குழாய்த் திறப்புவிழாவில் இயக்குநர் மேடையேறித் தழுதழுத்தார். “இந்தத் தெருவுக்காக நான் ஒரே இடத்துல உட்கார்ந்து, அசையாம உழைச்சேன்!”

கைதட்டல் எழுந்தது. கூட்டத்தின் ஓரத்தில், முழங்காலைப் பிடித்தபடி அம்மா மகளைப் பார்த்தாள்.

“நெஜமாவாடி?”

“உட்கார்ந்தது நெஜம்மா. நான்தான் பக்கத்துல நின்னேனே.”