நாலாவது தோள்

வளைகுடா நாடுகளிலேயே பனிக்கரடிக்குப் பயந்து வாழ்ந்த ஒரே மனிதர் எங்கள் கரடி பாய்தான்.

தொண்ணூறுகளில், ருவைஸ் துறைமுகத்திலிருந்து படகில் ஒரு மணி நேரத் தொலைவிலிருந்த தீவில் கடற்பறவைகளின் கூடுகளை எண்ணும் வேலை நடந்தது. டாக்டர் என்று நாங்கள் அழைத்த வெள்ளைக்கார ஆராய்ச்சியாளர் எண்ணுவார், நான் எழுதுவேன், படகுக்கு முருகேசன், சமையலுக்குக் கீழக்கரைக்காரரான பாய். அதற்கு முன் வடதுருவத் தீவுகளுக்குப் பறவை எண்ணப்போன கப்பலில் சமைத்தவர். அங்கே மற்றவர்கள் குனிந்து முட்டை எண்ணும்போது, கரடி வருகிறதா என்று காவல் பார்ப்பதும் அவர் டூட்டி.

வேலை மாறியும் பழக்கம் மாறவில்லை. கொதிக்கும் மணலில், கையில் கரண்டியோடு எங்களுக்கு முதுகைக் காட்டி நிற்பார். கால் மணிக்கொரு தரம் தலைகளை எண்ணுவார்.

"பாய், இங்க ஏது கரடி?"

"அங்கயும் இப்படித்தான் தம்பி, ஒண்ணுமே இருக்காது. வெள்ளைக்குள்ள வெள்ளையா வரும். மூக்கு மட்டும்தான் கறுப்பு. அதையும் கையால பொத்திக்கிடும்."

ஒருநாள் டாக்டர் தலையில் வெள்ளைத் துண்டோடு மணல்மேட்டுக்குப் பின்னாலிருந்து எழுந்தார். பாய் அவர்மேல் சாம்பாரை வீசினார். குறி தப்பியது. எங்களுக்கு வெறும் சோறு.

பிறகு அந்த ஜனவரிக் காலை. நீட்டிய கை தெரியாத மூடுபனி. வேலையை விட்டுவிட்டுப் படகை நோக்கி ஒருவர் பின் ஒருவராக நடந்தோம். ஆயிரக்கணக்கான நீர்க்காகங்கள் போட்ட கூச்சல் சட்டென்று நின்றது. ஒன்றுகூடக் கத்தவில்லை.

பாய் ஓரமாக நின்று, கடந்துபோகும் எங்கள் தோள்களைத் தொட்டு எண்ணினார். கடைசியாகப் போனவன் நான். படகருகே வந்தவர் என் காதில் சொன்னார்.

"தம்பி, மூணு தோள்தானே இருக்கணும்? நாலு தொட்டேன். நாலாவது ஐஸா இருந்துச்சு. பிடிக்குறதுக்குள்ள நழுவிடுச்சு."

"யல்லா, படகை எடுத்துரலாம்ணே!" என்றான் அதைக் கேட்டுவிட்ட முருகேசன்.

"கணக்கு சரியாகாம படகு கிளம்பாது" என்றார் பாய். கரண்டியை ஓங்கியபடி, தனியாகப் பனிக்குள் போனார். தமிழில் அதட்டினார், இந்தியில் அதட்டினார், அரபியிலும் அதட்டினார். பிறகு குரல் நின்றுவிட்டது.

எவ்வளவு நேரம் என்று தெரியாது. வெறுங்காலோடு திரும்பிவந்தார். அவர் தோளில் சாய்ந்து நடந்துவந்தான் ஒரு மனிதன், உடம்பெல்லாம் உப்புப் பூத்து. படகு கவிழ்ந்து இரண்டு நாளாகத் தீவில் கிடந்த மீனவன் என்று பின்னால் தெரிந்தது. நாக்கு வீங்கிப் பேச்சு வரவில்லை. எங்கள் குரல் கேட்டுப் பின்தொடர்ந்து வந்து, பாய் தொட்ட இடத்திலேயே விழுந்திருக்கிறான். பாயின் செருப்பு அவன் காலில் இருந்தது.

பிழைத்துக்கொண்டான்.

"ஆளுன்னு எப்படித் தெரிஞ்சது பாய்?"

"ஆளுன்னு யாரு நெனச்சா? கரடின்னுல்ல போனேன்."

"பின்ன ஏன் போனீங்க?"

"நீங்க மூணு பேரும் படகுகிட்ட நின்னீங்கள்ல."

அன்று மாலை அவர் பாதத்தில் தைத்திருந்த சிப்பிச் சில்லுகளை ஒவ்வொன்றாக எடுத்தேன். பாதி வேலையில் அவர் தூங்கிப்போனார். விழித்துவிடக் கூடாதே என்று, மிச்சத்தை மூச்சைப் பிடித்துக்கொண்டு எடுத்தேன்.