உப்பு மூட்டை ஏறிய டிரெய்லர்

ஈஸ்டருக்கு மறுநாள் பல் விளக்கும்போது எனக்கு அந்த வைராக்கியம் பிறந்தது. இந்தக் கோடைக்குள் புது பிக்கப் வண்டி வாங்கியே தீருவது. பெரியது. சிவப்பு. ஏறுவதற்குப் படி வைத்தது.

வாய் கொப்பளிக்கும் வரை வைராக்கியம் நீடித்தது. அப்புறம், ரோண்டாவிடம் சொல்ல வேண்டுமே என்பது ஞாபகம் வந்தது. முப்பத்தோரு வருஷமாக என் மனைவி இழுத்த இழுப்புக்கெல்லாம் போகிறவன் நான். நான் இழுத்து அவள் அசைந்ததாகச் சரித்திரம் இல்லை.

"இருக்கிற பிக்கப்புக்கு என்ன?"

"வயசாயிடுச்சு, ரோண்டா."

"உனக்கும்தான். நான் மாத்தினேனா?"

பக்கத்து வீட்டு டுவெய்னிடம் போய் முறையிட்டேன். மூன்று கல்யாணமும் ஆறு பிக்கப்பும் கண்ட அனுபவஸ்தன்.

"நேரா கேட்டா எவடா குடுப்பா? அவ ரொம்ப நாளா டிரெய்லர் டிரெய்லர்னு ஏங்கிட்டிருக்காளே, அதை வாங்கிக் குடு."

"வேணுங்கிறது எனக்குடா."

"கேளு. நல்ல கனமானதா வாங்கு. உன் கிழட்டு வண்டி இழுக்காது. அப்புறம் அவளே உன் கையைப் பிடிச்சு பெரிய பிக்கப் கடைக்குக் கூட்டிட்டுப் போவா."

இப்படிப்பட்ட மூளை நெப்ராஸ்காவில் பன்றி வளர்த்து வீணாகிறது.

டிரெய்லர் வாங்கினேன். கட்டில், அடுப்பு, கக்கூஸ், ஜன்னலுக்குத் திரை, எல்லாம் உண்டு. என்ஜின்தான் இல்லை. அதை நம் பிக்கப்தான் இழுக்க வேண்டும். பார்க்க யானை மாதிரி இருந்தது. ஆனால் விற்கிறவன் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கவில்லை. "உங்க பிக்கப் ஏழாயிரத்து ஐந்நூறு பவுண்டு இழுக்கும், மேடம். இது வெறுமனே ஐயாயிரத்துத் தொள்ளாயிரம்தான். சாமான் ஏத்தினாலும் அடங்கும்."

ரோண்டா என் கன்னத்தைக் கிள்ளினாள். எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்தது. ஆனந்தம் என்று நினைத்துக்கொண்டாள்.

"இழுக்குதா?" என்றான் டுவெய்ன். "அப்ப இழுக்காம ஆக்கு."

தண்ணீரை மென்மையாக்கும் எந்திரத்தில் கொட்டுகிற உப்பு அவன் வீட்டில் மூட்டை மூட்டையாக இருந்தது. ஒவ்வொன்றும் நாற்பது பவுண்டு. பத்து மூட்டைகளை டிரெய்லர் கட்டிலுக்கு அடியில் இருக்கும் பெட்டியில் ஒளித்துவைத்தேன். உப்பு மூட்டை ஏறுவது குழந்தைகளுக்கு விளையாட்டு. ஐம்பத்தெட்டு வயதில் உப்பு மூட்டை ஏற்றுவது விளையாட்டல்ல. இடுப்பு பிடித்துக்கொண்டது. தோட்ட வேலை என்று ரோண்டாவிடம் சொன்னேன். தைலம் தேய்த்துவிட்டாள்.

ஜூன் மாதம் ஒரு சனிக்கிழமை காலை, தெற்கு டகோட்டாவில் இருக்கும் அவள் அக்கா மார்லிஸ் வீட்டுக்குக் கிளம்பினோம். ஊர் எல்லையில் லாரிகளை நிறுக்கும் எடை மேடை இருக்கிறது. "பாதுகாப்பு முக்கியம்" என்று நானே அங்கே திருப்பினேன். இரண்டையும் சேர்த்து நிறுத்து, பிக்கப்பைத் தனியாக நிறுத்து, கழித்துப் பார்த்தோம். டிரெய்லர் ஏழாயிரத்து எழுநூற்று எண்பது. இருநூற்று எண்பது அதிகம். எனக்கு உள்ளுக்குள் குதியாட்டம். முகத்தைத் துக்க வீட்டுக்குப் போனவன் மாதிரி வைத்துக்கொண்டேன்.

"வண்டி பத்தலை, ரோண்டா. பெருசாத்தான் வாங்கணும் போல."

"வண்டி பத்தலையா, பாரம் ஜாஸ்தியா?"

"ரெண்டும் ஒண்ணுதானே?"

"இல்ல. வண்டியைப் பெருசாக்கக் காசு வேணும். பாரத்தைக் குறைக்கக் கை போதும்."

தானியக் கிடங்கு வாசலில் லாரிகளை எடை போடுவதுதான் இருபது வருஷமாக அவள் வேலை. லாரியை எடை போடுகிறவள் என்னையும் எடை போட்டிருப்பாள் என்று எனக்குத் தோன்றவே இல்லை. டிரெய்லருக்குள் ஏறினாள்.

"இந்த இரும்பு அடுப்பு எவ்வளவு?"

"அது கறிக்குப் புகை போடற அடுப்பு. வருஷத்துக்கு ஒரு தரம்தான் நான் நிம்மதியா..."

"எவ்வளவு?"

"நூத்தி இருபது."

"இறக்கு. டூல் பெட்டி?"

"தொண்ணூறு."

"இறக்கு. தூண்டில் பெட்டிங்க?"

"மூணும் ஐம்பது. மீன் பிடிக்கத்தானே போறோம்?"

"அக்காவைப் பாக்கப் போறோம். மடக்கு நாற்காலி?"

"இருபது. அதுவும் போனா நான் எங்க உக்காருவேன்?"

"இவ்ளோ பெரிய கட்டில் இருக்கே" என்று மெத்தையைத் தட்டிக் காட்டினாள். நான் அவசரமாகப் பேச்சை மாற்றினேன்.

"உன் தையல் மெஷினைத் தொடவே இல்லையே?"

"கணக்கு சரியாப் போச்சே. அப்புறம் எதுக்கு?"

உப்பைச் சொன்னால் அடுப்பு பிழைக்கும். நான் பிழைக்க மாட்டேன். நானே எல்லாவற்றையும் இறக்கினேன். சாமான்களை எடுத்துப்போக டுவெய்னைக் கூப்பிட்டாள். "பத்திரமா பாத்துக்கறேன்டா" என்றான் அந்தப் பாவி, அடுப்பை முகர்ந்துகொண்டே. மறுபடி நிறுத்தோம். மிகச் சரியாக ஏழாயிரத்து ஐந்நூறு.

சாயங்காலம் போய்ச் சேர்ந்தோம். மார்லிஸ் தள்ளுவண்டியோடு வாசலில் நின்றாள்.

"உப்பு வந்துதா?"

"பத்து மூட்டை. கட்டிலுக்கு அடியில" என்றாள் ரோண்டா.

"உனக்குத் தெரியுமா?"

"செவ்வாய்க்கிழமையே. போர்வை வைக்கப் போனேன். இங்க கிணத்துத் தண்ணி ஒரே சுண்ணாம்பு, கடைக்கு நாற்பது மைல் போகணும்னு இவ புலம்பிட்டிருந்தா. நல்லதாப் போச்சு, கொண்டு வரேன்னு சொல்லிட்டேன்."

"அப்ப என் அடுப்பை எதுக்கு இறக்கினே?"

"பாரம் ஜாஸ்தியா இருந்துதே. பாதுகாப்பு முக்கியம், வெண்டெல்."

பத்து மூட்டையையும் நிலவறைக்குச் சுமந்தேன். மேலே ஏறி வந்தபோது, ரோண்டா அக்கா வீட்டோடு இருக்கும் தன் அம்மாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து ஒரு தாளில் எழுதிக்கொண்டிருந்தாள். மாமியார் சாய்வு நாற்காலியில் இருந்தார். அவர் மேல் பூனை இருந்தது.

"இப்ப நானூறு பவுண்டு காலி. அம்மா நூத்தி நாற்பது, நாற்காலி நூறு, பூனை பதினஞ்சு, பெட்டிங்க நூத்தி நாற்பத்தஞ்சு. சரியா இருக்கு. குளிர்காலம் முடியற வரைக்கும் அம்மா நம்ம வீட்டுலதான்."

திரும்பும்போது ரோண்டா ஓட்டினாள், மாமியார் முன் சீட்டில், பூனை பின்னால் என் மடியில். பழைய பிக்கப் ஒரு தடவைகூட முனகாமல் எல்லோரையும் இழுத்துக்கொண்டு வந்து சேர்த்தது.