பொன்னுருவிக்குக் கால் இருந்ததற்கான சான்று

ஒரு காட்டில், சிங்கத்தின் உறுமலைவிட ரப்பர் ஸ்டாம்பு விழும் சத்தத்துக்கு எல்லோரும் அதிகமாகப் பயந்துகொண்டிருந்த காலத்தில், மாசிலாமணி என்றொரு முயல் இருந்தான். வட்ட அலுவலகத்துக்கு வெளியே புங்கமரத்தடியில் உட்கார்ந்து மனு எழுதிக் கொடுப்பது அவன் தொழில். முத்து முத்தான கையெழுத்து. மூளையும் கூர்மை. ஒரே ஒரு பலவீனம், மனுவைக் கொடுத்தபின் வந்தவரின் முகத்தைப் பார்த்துக்கொண்டே நிற்பான். "ரொம்ப நன்றிப்பா, நீ நல்லா இருக்கணும்" என்று யாராவது ஒரு வார்த்தை சொல்லிவிட மாட்டார்களா என்ற ஏக்கம்தான். ஆறு கோடை போய்விட்டது, ஒரு பிராணியும் சொன்னதில்லை.

அவன் தம்பி குப்பாண்டிக்கும் பக்கத்திலேயே ஒரு பலகை உண்டு. அவன் எழுத்து கோழி கிளறியது மாதிரி இருக்கும். மனுவை வந்தவர் கையில் திணித்த மறுநொடி வளைக்குள் போய்விடுவான். நன்றி என்ற சொல் அவன் காதில் விழ வாய்ப்பே இல்லை. அதைப் பற்றி அவனுக்குக் கவலையும் இல்லை.

அந்த வருஷம் வெயில் கொளுத்தியது. குளம் குட்டையெல்லாம் வறண்டு, கருமடுவில் மட்டும் தண்ணீர் மிஞ்சியது. உடனே அலுவலகம் கருமடுவைச் சுற்றி எலிகூட நுழைய முடியாதபடி முள்வேலி போட்டு, வாசலில் பாதரேகை இயந்திரம் ஒன்றை வைத்தது. காலை வைத்தால் பச்சை விளக்கு எரியும், கதவு திறக்கும். யானை வைத்தது, எரிந்தது. எலி வைத்தது, எரிந்தது. மலைப்பாம்பு பொன்னுருவி நான்கு மணி நேரம் வரிசையில் கிடந்து, தன் முறை வந்ததும் வாலை வைத்தாள். தாடையை வைத்தாள். வயிற்றை நாலு இடத்தில் மாற்றி மாற்றி வைத்தாள். "பாதம் சரியாக வைக்கப்படவில்லை" என்று இயந்திரம் சொன்னதையே சொன்னது. பின்னாலிருந்த காட்டுப்பன்றி, "ஏம்மா, வழியை விடும்மா" என்று அதட்டியது.

பொன்னுருவி நேராகப் புங்கமரத்தடிக்கு வந்தாள். அவள் தலை தெரிந்ததுமே குப்பாண்டி வளைக்குள். மாசிலாமணியும் ஓடத்தான் எழுந்தான். ஆனால் அவள் கண்களைப் பார்த்தான். இரண்டும் பால் ஊற்றியது போல வெளுத்திருந்தன.

"சட்டை உரிக்கிற நேரம் தம்பி," என்றாள். "தண்ணியில ஊறினாத்தான் தோல் கழலும். இல்லேன்னா கண்ணு மேலேயே காஞ்சு ஒட்டிக்கும். அப்புறம் நான் குருடிதான். இரை எங்கே, எதிரி எங்கேன்னு தெரியாமக் கெடந்து சாக வேண்டியதுதான். ஒரு மாசமா பட்டினி வேற."

மாசிலாமணியின் மனம் இளகிவிட்டது. இப்படி ஒருத்திக்குக் காரியம் முடித்துக் கொடுத்தால் அவளாவது நன்றி சொல்லாமல் போவாளா?

கையோடு ஒரு மனுவை எழுதி எடுத்துக்கொண்டு, "வாங்கக்கா, உள்ளே போய்ப் பேசிப் பார்க்கலாம்" என்றான்.

உள்ளே எழுத்தர் கச்சிராயர் உட்கார்ந்திருந்தார். உடும்பு. பிடித்த கோப்பை விட்டதாகச் சரித்திரம் இல்லை.

"விதி பதினாலு," என்றார் தலை நிமிராமல். "காலை இழந்தவங்களுக்கு ரேகையிலேருந்து விலக்கு உண்டு. அவங்க வாரிசுக்கும் உண்டு. ஆனா இழக்கணும்னா முதல்ல இருந்திருக்கணும். இந்தம்மா பரம்பரையில யாருக்குக் கால் இருந்துச்சு? ஆதாரம் கொண்டு வாங்க."

வேறு யாராவது என்றால் தலையில் கைவைத்து உட்கார்ந்திருப்பார்கள். மாசிலாமணி பொன்னுருவியைச் சுற்றி ஒரு நடை நடந்தான். வாலுக்குச் சற்று மேலே, அடிவயிற்றின் இரு பக்கமும் நெல்மணி அளவில் இரண்டு நகங்கள் துருத்திக்கொண்டிருந்தன.

"இது என்னக்கா?"

"அதுவா? பொறந்ததுலேருந்து இருக்கு. ஒண்ணுத்துக்கும் உதவாது. எங்க ஆம்பளைங்களுக்கு இன்னும் கொஞ்சம் பெருசா இருக்கும், அதை வெச்சுப் பொண்டாட்டியைச் சொறிஞ்சு விடுவாங்க."

"உள்ளே எலும்பு தட்டுப்படுதே! சார், இது பின்னங்காலோட மிச்சம். முழுக்காலா இருந்தது தேஞ்சு தேஞ்சு இவ்வளவுதான் பாக்கி."

பொன்னுருவிக்கும் ஒன்று ஞாபகம் வந்தது. "போன வருஷம் ஒரு முட்டை அரைகுறையா உடைஞ்சு போச்சு. உள்ள இருந்த குஞ்சுக்கு அந்த இடத்துல ரெண்டு மொட்டு மாதிரி இருந்துச்சு. கால் மொளைக்கிற மாதிரி ஆரம்பிச்சு, அப்படியே நின்னுபோயிருந்துச்சு" என்றாள்.

கச்சிராயர் அசரவில்லை. "வாய்ப்பேச்சு. ஆவணம் வேணும்."

மாசிலாமணி கல்குவாரிக்கு ஓடினான். அங்கே பாறை அடுக்கடுக்காக நிற்கும். அடியில் இருப்பது பழசு, மேலே வர வரப் புதுசு. மூன்று நாள் தேடி, தேக்கிலையைப் பாறைமேல் வைத்துக் கரியால் தேய்த்து இரண்டு படிகள் எடுத்து வந்தான். அடி அடுக்கில் நாலு காலுள்ள பல்லி மாதிரி ஒன்று. அதற்கு மேல் அடுக்கில் பாம்பு, ஆனால் குட்டையாக இரண்டு பின்னங்கால்களோடு.

கச்சிராயர் இலைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இவர் எந்தத் தேதியில இறந்தார்?"

"சுமார் பத்துக் கோடி வருஷம் முன்னால சார்."

"சுமாரா? நாள் நட்சத்திரம் இல்லாம எப்படி? சரி, காலை எடுக்கச் சொல்லி ஆணை போட்டது யாரு?"

"யாரும் போடல சார். ஒரு காலத்துல எலி வளை, பொந்துன்னு பூந்து பொழைச்சவங்க இவங்க முன்னோர். ஒரே வயித்துல பொறந்தாலும் ஒருத்தனுக்குக் கால் கொஞ்சம் நீளம், ஒருத்தனுக்குக் குட்டை. நீளக்கால் பொந்துல மாட்டிக்கிச்சு, பட்டினி கெடந்துச்சு. குட்டைக்கால் உள்ள பூந்து எலியைத் தின்னுச்சு, பிள்ளை பெத்துச்சு. அந்தப் பிள்ளைங்களும் குட்டைக்கால். அதுலயும் இன்னும் குட்டை எதுவோ அது நல்லாத் தின்னுச்சு. இப்படியே லட்சக்கணக்கான தலைமுறை."

"ஆணை இல்லாம, கமிட்டி இல்லாம, இவ்வளவு பெரிய வேலை நடந்துச்சா?" கச்சிராயருக்கு உடம்பெல்லாம் வியர்த்துவிட்டது, உடும்புக்கு வியர்க்காது என்றாலும். "மேற்பார்வை பார்த்தது யாரு?"

"சாவுதான் சார் மேற்பார்வை. பொழைச்சது பெத்துக்கிச்சு, அவ்வளவுதான்."

கச்சிராயர் கோப்பை மூடப் போனார். மாசிலாமணிக்கு அழுகையே வந்துவிட்டது. அக்காவின் தோல் காய்ந்து வெடிக்கத் தொடங்கியிருந்தது. கடைசியாக ஒன்று தோன்ற, "சார், கொஞ்சம் நாக்கை நீட்டுங்க" என்றான்.

"என்னய்யா திமிரா?"

"கோவிச்சுக்காதீங்க சார், ஒரு தடவை மட்டும். அக்கா, நீங்களும்."

இருவரும் நீட்டினார்கள். இரண்டு நாக்கும் நுனியில் பிளவுபட்டு, ஒன்றுபோல ஆடின. அலுவலகமே எழுந்து வந்து பார்த்தது.

"உங்க ரெண்டு பேருக்கும் முன்னோர் ஒருத்தர்தான் சார். நீங்க கால் உள்ள கிளை, இவங்க காலை விட்ட கிளை. அக்கா உங்களுக்குச் சொந்தம்."

கச்சிராயர் நாக்கை உள்ளே இழுத்துக்கொண்டார். பிறகு மனுவை எடுத்து நாலாக மடித்துக் குப்பைக் கூடையில் போட்டார்.

"சொந்தக்காரங்க மனுவுல நான் கையெழுத்துப் போடக் கூடாது. விதி மூணு. நிராகரிக்கப்படுகிறது" என்றார் உரக்க. அப்புறம் மேசைக்கு மேல் குனிந்து, குரலைத் தணித்து, "ஏம்மா, இதை முதல்லயே சொல்லியிருக்கலாமே! நம்ம குடும்பத்துக்கு எதுக்கு மனு? வேலிக்குப் பின்பக்கம் ஒரு சந்து இருக்கு. அங்க வந்துடுங்க" என்றார்.

பொன்னுருவி அன்று மாலை வரை கருமடுவில் ஊறினாள். வாயருகே தோல் விட்டது. ஒரு வேரில் உரசி உரசி, தலையிலிருந்து வால் வரை ஒரே சட்டையாக உருவிப் போட்டாள். கண் இரண்டும் கழுவிவிட்ட கண்ணாடி மாதிரி பளிச்சென்று ஆயின.

கரையில் மாசிலாமணி நின்றுகொண்டிருந்தான். "அண்ணே, வந்துடு!" என்று குப்பாண்டி வளையிலிருந்து கத்திக்கொண்டிருந்தான். மாசிலாமணி நகரவில்லை. அவள் அந்த வார்த்தையைச் சொல்லட்டும் என்று நின்றான்.

அவளும் சொன்னாள். "ரொம்ப நன்றி தம்பி. உன்னை மாதிரி யாரு செய்வா? நீ நல்லா இருக்கணும்."

மாசிலாமணியின் கண் கலங்கிவிட்டது. ஆறு கோடை ஏக்கம். எனக்கே இதற்கு மேல் சொல்ல மனசு வரவில்லை, ஆனாலும் கதையை முடித்தாக வேண்டும்.

"ஆமா தம்பி, நீ சொன்ன கணக்குப்படி பார்த்தா நீயும் எனக்குச் சொந்தம்தானே?"

"சொந்தம்தான்க்கா," என்றான் மாசிலாமணி பெருமையாக. "ஆனா ரொம்ப தூரம். நம்ம ரெண்டு கிளையும் பிரிஞ்சு முப்பது கோடி வருஷத்துக்கு மேல ஆச்சு."

"அப்பாடா," என்றாள் பொன்னுருவி. "அவ்வளவு தூரத்துச் சொந்தம்னா தப்பில்ல."

ஒரு மாசப் பட்டினி ஒரே வாயில் தீர்ந்தது.

இன்று அந்தக் காட்டில் முப்பத்திரண்டு முயல்கள் மனு எழுதுகின்றன. எல்லாம் குப்பாண்டியின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும்தான். எழுத்து கோழி கிளறியதுதான். மனுவைக் கையில் திணித்ததும் ஆள் மாயம். முயல்களுக்கு மரியாதையே தெரியாது என்று காடே குறைப்பட்டுக்கொள்கிறது. மரியாதை தெரிந்த முயல் ஒன்று இருந்தது, அதற்குப் பிள்ளை இல்லை.

நீதி: உதவி செய்யுங்கள், ஆனால் நன்றி வாங்க நிற்காதீர்கள். நின்றவர்களின் வம்சத்தில் இன்று ஒருவரும் இல்லை என்பதே இதற்கு ஆதாரம்.