திமிலாயி வண்டியான கதை

ஒரு காட்டில் மழை மூன்று வருஷமாக விடுப்பில் போயிருந்தது. மிச்சம் ஒரே ஒரு குட்டை. அதைச் சுற்றி முள்வேலி போட்டு, வாசலில் ஒரு கொக்கை அதிகாரியாக நிற்க வைத்திருந்தார்கள். ஆளுக்கு ஒரு சிரட்டைத் தண்ணீர். அதற்கும் மனு கொடுக்க வேண்டும்.

திமிலாயி என்கிற காட்டெருமை விடிந்ததிலிருந்து வரிசையில் நின்றாள். நாலு நாளாகத் தொண்டையில் ஈரமில்லை. இன்றைக்கும் கிடைக்காவிட்டால் நாளைக்கு எழுந்திருக்க மாட்டாள். அவளுக்குப் பின்னால் முத்தையன் என்ற முள்ளம்பன்றி. அவனுக்குப் பின்னால் பத்தடிக்கு யாரும் நிற்கவில்லை. ஏன் என்று கேட்கவும் இல்லை.

"வீட்டுல எத்தனை பேரும்மா?" என்றது கொக்கு.

"நான் ஒண்டிக்கட்டைங்க சார்."

கொக்கு புதிதாக வந்திருந்த கருவியை அவள் வயிற்றில் வைத்தது. திரையில் எண் ஓடியது, ஓடியது, இடம் போதாமல் நின்றுவிட்டது.

"பொய்யா சொல்ற? உள்ளே கோடானுகோடிப் பேரு குடியிருக்காங்க!"

"சத்தியமா எனக்குத் தெரியாதுங்க!"

வயிற்றுக்குள்ளிருந்து ஒரு மெல்லிய குரல் வந்தது. "சார், நாங்க பாக்டீரியாங்க. என் பேரு குச்சியப்பன். இந்தம்மா புல்லை முழுங்குறதோட சரி. அதை நொதிக்க வச்சு சாப்பாடா மாத்துறது நாங்க. நாங்க இல்லேன்னா அது இவங்களுக்கு வெறும் கயிறு. மனுசன் குடல்லயும் எங்க சொந்தக்காரங்க இருக்காங்க. அங்கேயும் இதே கதைதான். வேலை எங்களுது, பேரு அவனுக்கு."

திமிலாயிக்கு முகம் சுண்டிப்போனது. இத்தனை நாள் தன் வயிறு தன் வயிறென்றே நினைத்திருந்தாள், பாவம்.

கொக்கு விதிப்புத்தகத்தைப் புரட்டியது. "இந்த உடம்புல எருமை செல்லைவிட பாக்டீரியா செல்லுதான் ஜாஸ்தி. பெரும்பான்மை யாரோ அவங்கதான் மனுதாரர். குச்சியப்பா, நீதான் குடும்பத் தலைவன். இந்தம்மா உங்களை ஏத்திக்கிட்டுத் திரியற வண்டி."

"வண்டியா? அப்ப என் தண்ணி?"

"வண்டிக்கு எதுக்கும்மா குடிதண்ணி?"

குச்சியப்பனுக்கு அவன் உடம்புக்குத் தகுந்தபடி ஊசிமுனையில் ஒரு துளி கொடுத்தார்கள். திமிலாயி அதைப் பார்த்துக்கொண்டே நின்றாள்.

"சரி, வண்டின்னா புகைச் சோதனை உண்டு. வாயைத் திற."

பயத்தில் அவளுக்கு ஒரு ஏப்பம் வந்தது. கருவியில் சிவப்பு விளக்கு எரிந்தது. கொக்கின் வெள்ளைச் சட்டை மஞ்சளாகிவிட்டது.

"குச்சியப்பா! இவ்வளவு மீத்தேன் எங்கேருந்துடா வருது?"

"எங்க மேல பழி போடாதீங்க சார். அது பக்கத்து வீட்டு ஆர்க்கியாக்காரங்க வேலை."

இன்னொரு குரல் சீறியது. "ஆமாய்யா, எங்க வேலைதான்! ஆனா எங்களைப் பாக்டீரியா பட்டியல்ல எப்படிச் சேர்க்கலாம்? பார்க்க ஒரே மாதிரி இருந்தா பங்காளியா? நாங்க தனி இனம். தனிப் படிவம் குடுங்க."

"படிவம் தீர்ந்துபோச்சு."

"அப்ப புகையும் நிக்காது."

அடுத்த ஏப்பத்தில் கொக்கு இரண்டு காலையும் ஊன்றிக்கொண்டது. அவசரமாகப் பக்கம் புரட்டி வாசித்தது. "புகை மீறினால் இன்ஜின் சூடேறி வெடிக்கும். உடனே வாட்டர் சர்வீஸுக்கு அனுப்பவும். ரேடியேட்டர் நிறையும்வரை தண்ணீர் ஊற்றவும்."

வாட்டர் சர்வீஸ் யானை குட்டையில் துதிக்கையை விட்டு உறிஞ்சிக்கொண்டு வந்தது. "ரேடியேட்டர் எந்தப் பக்கம்மா?"

திமிலாயி யோசிக்கவேயில்லை. வாயை அகலத் திறந்து காட்டினாள்.

பதினேழு துதிக்கை. அதற்குமேல் முதுகுக்கு நாலு, குளம்புக்கு ஒன்று. குட்டையில் பாதி காலி.

முத்தையன் முட்களைச் சிலிர்த்துக்கொண்டு முன்னால் பாய்ந்தான். "சார், நானும் வண்டிதான்! என் வயித்துலயும் ஜனத்தொகை இருக்கு, சோதிச்சுப் பாருங்க!"

கொக்கு கருவியை வைத்தது. முத்தையன் மூச்சைப் பிடித்து, முக்கி, கண் பிதுங்க ஒரு ஏப்பம் விட்டான். பச்சை விளக்கு எரிந்தது.

"வண்டிதான்யா நீ. ஆனா புகையே இல்லை. பாஸ்!" என்று கொக்கு ஒரு சான்றிதழை அவன் முள்ளில் குத்திவிட்டு, "அடுத்தது!" என்றது.

நீதி: வறண்ட காலத்தில் ஒழுங்காக ஓடாதீர்கள், கோளாறு இருப்பவருக்கே குளிக்கவும் குடிக்கவும் கிடைக்கும்.